மாவட்டம் தெரியாத பெரியவர்

இளையரசனேந்தல் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடை பெஞ்சு. 2021ஆம் ஆண்டு, புரட்டாசி மாதத்துப் பிற்பகல். உழுது போட்ட கரிசல் காடு மழைக்குக் காத்துக் கிடந்தது. சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் அக்கா மகன், இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு சின்னச் செயலி செய்திருந்தான். மானாவாரி விவசாயிகள் வரவு செலவை எழுதி வைத்துக்கொள்ள. உளுந்து விதைக்கு எவ்வளவு, உழவுக்கு எவ்வளவு, களையெடுக்க எத்தனை ஆள் என்று போட்டுக்கொண்டே போனால், அறுவடை முடிந்ததும் கையில் நின்றது என்ன என்று அது சொல்லும். "மாமா, ஊருக்குத்தானே போறீங்க, நாலஞ்சு பேர்ட்ட குடுத்துப் பாருங்க. எங்க தடுமாறுறாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று என் போனில் ஏற்றிக் கொடுத்தான்.

முதலில் வாங்கிப் பார்த்தவர் எனக்குப் பெரியப்பா முறை. எழுபதைத் தாண்டியவர். போனைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். முதல் திரையே 'மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது. விரல் பட்டியலில் மேலே போனது, கீழே வந்தது, நின்றது. ஏதோ சொன்னார். பிறகு போனை என்னிடமே நீட்டிவிட்டார். ஊரிலிருந்து திரும்பிய பிறகு, இரண்டு நாள் கழித்து, அக்கா மகனுக்குக் குரல்பதிவு அனுப்பினேன்: "பெரியவருக்கு மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரியலை."

அவன் எழுத்தைப் பெரிதாக்கினான், பட்டியலுக்கு நிறம் கொடுத்தான். அடுத்த முறை போனபோதும் பெரியப்பா அதே இடத்தில் நின்றார். இந்தத் தடவை என் மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்: "தாசில்தார் ஆபீசுன்னா கோவில்பட்டி, அது தூத்துக்குடி. யூனியன் ஆபீசுன்னா குருவிகுளம், அது தென்காசி. இது எந்த ஆபீசு தம்பி?"

அவர் கேட்டது சரியான கேள்வி. இளையரசனேந்தல் குறுவட்டம் வெகுகாலம் சங்கரன்கோவில் வட்டத்தில், திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2008இல் வருவாய்த் துறை நிர்வாகம் மட்டும் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி வட்டத்துக்கு மாறியது. ஊராட்சி நிர்வாகம் குருவிகுளம் ஒன்றியத்திலேயே தங்கிவிட்டது. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்தபோது குருவிகுளம் அங்கே போனது. ஆக, ஒரே வீட்டுக்காரருக்குப் பட்டாவுக்கு ஒரு மாவட்டம், ஊராட்சி வேலைக்கு இன்னொரு மாவட்டம். அவர் விரல் நின்றதற்குக் காரணம் அறியாமை இல்லை. அந்தத் திரையைச் செய்தவர்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் தடவையும் அவர் இதைத்தான் சொல்லியிருப்பார். நான் அதைத் தொலைத்துவிட்டு, 'தெரியலை' என்ற ஒரு சொல்லை அவர் தலையில் கட்டி அனுப்பிவிட்டேன்.

அவசரச் சோதனைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பயன்பாட்டுச் சோதனை என்பது எளிய காரியம். ஒருவர் கையில் பொருளைக் கொடுத்து, ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. ஆய்வுக்கூடம் வேண்டாம், கண்ணாடிச் சுவர் வேண்டாம். டீக்கடை பெஞ்சு போதும், பதினைந்து நிமிடம் போதும். பார்த்ததை எழுதுகிற நேரத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

நினைவு எப்படிப்பட்டது என்பதை அறிய இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் ஒரு பெயர்பெற்ற சோதனை செய்தார். வட அமெரிக்கத் தொல்குடிகளின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, சிறிது நேரம் கழித்தும், நாட்கள், மாதங்கள் கழித்தும் திரும்பச் சொல்லச் சொன்னார். 1932இல் வெளியான அவருடைய நூலில் முடிவுகள் இருக்கின்றன. கதை சுருங்கியது, அது எதிர்பார்த்ததே. கவனிக்க வேண்டியது வேறு. படித்தவர்களுக்குப் பழக்கமில்லாத விஷயங்கள் பழக்கமானவையாக மாறின. தோணி படகாகியது; கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகியது. யாரும் பொய் சொல்லவில்லை. மனம் தனக்குப் புரியாததை எடுத்துவிட்டு, புரிந்ததை அந்த இடத்தில் வைத்துக்கொண்டது. 'எந்த ஆபீசு' என்ற கேள்வி எனக்குள் 'தெரியலை' ஆனதும் இப்படித்தான். சோதனையில் நாம் தேடிப் போவதே நமக்குப் பழக்கமில்லாததை. நினைவை நம்பினால் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

அதனால் அன்றைக்கே எழுத வேண்டும். முடிந்தால் அந்த ஆள் எழுந்து போவதற்குள் எழுத வேண்டும். எழுதும்போது கண்டதையும் கேட்டதையும் ஒரு பக்கமும், நமக்குத் தோன்றியதை இன்னொரு பக்கமும் வைக்க வேண்டும். நான் நோட்டின் நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அதில் ஒரு குறிப்பு அப்படியே:

'2ஆம் ஆள். பெண், ஐம்பதுக்கு மேல். வீட்டில் பட்டன் போன். உழவுச் செலவு 1,200 என்று சரியாக அடித்தார். விரல் சேமி என்ற பொத்தானுக்குப் போனது. தொடாமல் எடுத்துவிட்டார். "இத அமுக்குனா ரூவா பேங்க்குக்குப் போயிருமா மருமகனே?" அமுக்கவில்லை. போனைக் கீழே வைத்தார்.'

கோட்டுக்கு வலப்பக்கம்: 'சேமி என்றால் பணத்தைச் சேமிப்பது என்று எடுத்துக்கொண்டாரோ?'

கணினித் தமிழில் 'சேமி' என்று எழுதி எழுதி நமக்குக் கண் பழகிவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் வாரச் சம்பளம் வாங்கி, மகளிர் குழுவில் சேமிப்புக் கட்டிவரும் ஓர் அத்தைக்கு அந்தச் சொல்லின் பொருள் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ரூபாய்த் தொகைக்குக் கீழேயே அந்தப் பொத்தான் இருந்தால் அவர் வேறு எப்படிப் படிப்பார்? இதை நான் 'பொத்தானை அழுத்தத் தயங்கினார்' என்று சுருக்கி எழுதியிருந்தால், அக்கா மகன் பொத்தானைப் பெரிதாக்கியிருப்பான். அவர் பயம் இன்னும் கூடியிருக்கும்.

1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தில் இதே போன்ற ஒன்று நடந்தது. லிசா என்ற கணினியைச் செய்துகொண்டிருந்தபோது, ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒரு கட்டளையை உறுதிசெய்யும் பொத்தானில் 'செய்' என்ற பொருளில் 'டு இட்' என்று எழுதியிருந்தது. சிலர் அந்த இடத்தில் தயங்கினார்கள். காரணம் பிடிபடவில்லை. கடைசியில் ஒருவர் எரிச்சலோடு, தான் ஒன்றும் 'டோல்ட்' இல்லை என்றார். டோல்ட் என்றால் மண்டு. அந்த எழுத்துருவில் பெரிய ஐ எழுத்தும் சின்ன எல் எழுத்தும் பார்க்க ஒன்றுபோல் இருந்தன. இரண்டு சொல்லுக்கு நடுவே இருந்த இடைவெளியும் போதவில்லை. கணினி தன்னைத் திட்டுவதாக அவர் நினைத்திருக்கிறார். அதன் பிறகே பொத்தானில் 'ஓகே' வந்தது. இன்று உலகம் முழுக்க அழுத்தப்படும் அந்தச் சொல்லின் வரலாற்றில், ஒருவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியமும் இருக்கிறது.

சொன்ன சொல்லைச் சொன்னபடி பிடிப்பதில் நம் வட்டாரத்துக்கு முன்னோடி உண்டு. இளையரசனேந்தலிலிருந்து அதிக தூரமில்லாத இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன், கரிசல் காட்டுச் சொற்களுக்கென்று அகராதியே தொகுத்தார். சம்சாரி வாயில் வந்த சொல்லை நாகரிகப்படுத்தாமல் எழுதியதில்தான் அதன் மதிப்பு. 'எத்தனை ஏக்கர்' என்று செயலி கேட்ட இடத்தில் மூன்றாமவர், "குறுக்கம்னு கேட்டா டக்குனு சொல்லிருவேன்" என்றார். நோட்டில் குறுக்கம் என்றே இருக்கிறது.

கேள்வி கேட்பதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. 'ஏன் அங்கே நின்னுட்டீங்க?' என்று கேட்க நாக்கு துடிக்கும். உளவியல் ஆய்வாளர்களான ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980இல் வெளியிட்ட ஆய்வுரையில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். வேலை செய்துகொண்டே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்வது ஓரளவு நம்பத்தக்க சான்று. காரணம் கேட்டு வாங்கும் பதில் அப்படியில்லை. கேள்வியே அவர் யோசனையின் போக்கை மாற்றிவிடும். ஆகவே "மனசுல ஓடுறதச் சொல்லிக்கிட்டே செய்ங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு தேடி வந்தவன் மனம் நோகக் கூடாது என்று எல்லாரும் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். ஐந்து பேரிடம் கேட்டேன், ஐந்து பேரும் அதையே சொன்னார்கள். இந்திய வடிவமைப்பு ஆய்வாளர் அபலா லாகிரி சவான் இந்த மரியாதையைத் தாண்டுவதற்கென்றே ஒரு வழி கண்டார். 'இந்தப் பக்கத்தில் பயணச்சீட்டு எடுங்கள்' என்று சொல்லாமல், சினிமாக் கதை ஒன்றுக்குள் ஆளை இறக்கிவிட்டார். உங்கள் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை ஏற்கெனவே மணமானவன், கூலிக்குக் கொலை செய்பவன், ஆதாரம் உங்கள் கையில், உடனே போய்த் தடுக்க வேண்டும், டிக்கெட் எடுங்கள்! அந்த வேகத்தில் மரியாதை விட்டுப்போய், தடுக்கும் இடத்தில் ஆள் வாய்விட்டுத் திட்டுவார். பாலிவுட் முறை என்றே அதற்குப் பெயர். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. 'நல்லாத்தான் இருக்கு' என்பதை எழுதிக்கொண்டு, அதைச் சொல்லும்போது கை என்ன செய்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதினேன். நான்காமவர் அப்படிச் சொல்லிக்கொண்டே போனைத் தன் பேரனிடம் கொடுத்தார்.

இப்படிக் கவனித்து எழுதியதால் கிடைத்த நல்ல முடிவு ஒன்று பெங்களூரில் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வு மையத்தின் இந்திராணி மேத்தியும் குழுவினரும் எழுதப் படிக்கத் தெரியாத வீட்டு வேலைப் பெண்களுக்காக, எழுத்தே இல்லாத திரைகளை உருவாக்கிப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். வேலையைக் குறிக்க வரைந்த படத்தை அந்தப் பெண்கள் வெறும் பொருளாகவே பார்த்தார்கள். அசைவைக் காட்டும் கோடுகளைச் சேர்த்த பிறகே அது ஒரு வேலை என்று புரிந்தது. 'படம் புரியவில்லை' என்று எழுதி முடித்திருந்தால் அந்தக் கோடுகள் வந்திருக்காது.

எண்களுக்கு வருகிறேன். ஐந்து பேர் போதுமா என்று அக்கா மகன் கேட்டான். பயன்பாட்டு ஆய்வாளர்களான யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் பல சோதனைகளின் தரவை அலசி ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு குறையில் ஒரு ஆள் இடறும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம். அப்படியானால் ஐந்து பேரும் அதைத் தாண்டிப் போய்விடும் வாய்ப்பு 0.69ஐ ஐந்து தடவை பெருக்கினால் வருவது, ஏறக்குறைய 16 சதவீதம். மீதி 84 சதவீதக் குறைகள் ஐவரிலேயே தலைகாட்டிவிடும். 'ஐந்து பேர் போதும்' என்ற பேச்சு இங்கிருந்து வந்தது. ஆனால் 31 என்பது சராசரி. பத்தில் ஒருவரை மட்டும் இடறவைக்கும் குறை ஐவர் சோதனையில் அகப்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். அந்தப் பத்தில் ஒருவர் கண்பார்வை மங்கியவராகவோ, விரல் தேய்ந்த தொழிலாளியாகவோ இருக்கக்கூடும்.

அறிக்கையில் சதவீதம் போடும் பழக்கத்தை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஐந்து பேரில் இருவர் இடறினால் '40 சதவீதம் பேருக்குச் சிக்கல்' என்று எழுதுகிறார்கள். புள்ளியியல்படி, அந்த ஐவரை வைத்து ஊர் முழுவதற்கும் சொல்ல வந்தால், உண்மை அளவு 12 சதவீதமாகவும் இருக்கலாம், 77 ஆகவும் இருக்கலாம். ஐவரில் ஒருவர்கூட இடறவில்லை என்றாலும், ஊரில் 45 சதவீதம் பேர் வரை இடறக்கூடும் என்பதை அந்தச் சோதனையால் மறுக்க முடியாது. ஐந்து பேரில் இருவர் என்றால் 'ஐந்து பேரில் இருவர்' என்றே எழுத வேண்டும். யார், என்ன செய்துகொண்டிருந்தார், எந்தச் சொல்லில் நின்றார் என்பதுதான் சின்னச் சோதனையின் செல்வம்.

ஒரே பொருளைப் பல குழுக்கள் சோதித்தால் ஒரே முடிவு வருமா? டென்மார்க்கின் பயன்பாட்டு ஆய்வாளர் ரோல்ஃப் மோலிக் 1990களின் இறுதியில் ஒன்பது குழுக்களிடம் ஹாட்மெயில் தளத்தைக் கொடுத்து, தனித்தனியே சோதித்து அறிக்கை எழுதச் சொன்னார். எல்லாம் சேர்ந்து 310 குறைகள். அவற்றில் முக்கால்வாசியை ஒரே ஒரு குழு மட்டுமே சொல்லியிருந்தது. ஒரே தளத்தைச் சோதித்த குழுக்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு. ஒருவர் அறிக்கையை இன்னொருவர் அறிக்கையோடு ஒட்டிப் படிக்க முடிந்தால்தான் முழுப் படம் தெரியும். ஒட்ட வேண்டுமானால் 'வழிசெலுத்தல் குழப்பமானது' போன்ற தீர்ப்புகளால் பயனில்லை. எந்தத் திரை, எந்தச் சொல், என்ன நடந்தது என்பது அதில் இருக்க வேண்டும். நான் ஊரில் பார்த்ததும், நாளை வேறொருவர் விளாத்திகுளத்தில் பார்ப்பதும் அப்போதுதான் ஒன்றோடொன்று பேசும்.

பகிர்வதில் வேகம் வேண்டும். மைக்ரோசாஃப்டின் விளையாட்டுப் பிரிவில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டின் பயிற்சிப் பகுதியைச் சோதித்தவர்கள், ஒருவர் இடறியதும் காரணம் தெளிவாகத் தெரிந்தால் அப்போதே திருத்தி, அடுத்தவருக்குத் திருத்திய வடிவத்தைக் கொடுத்தார்கள். 2002இல் அந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். எந்த ஆளுக்கு எது வந்தது, எப்போது திருத்தினோம், திருத்திய பிறகு திரும்ப வந்ததா என்ற வரிசை அதில் முக்கியம். திருத்தம் புதிய குறையைக் கொண்டுவந்தால் அந்த வரிசைதான் காட்டிக்கொடுக்கும். பயன்பாட்டுச் சோதனை பற்றி எழுதும் ஸ்டீவ் க்ரூக் இன்னும் எளிமையாகச் சொல்வார்: மாதம் ஒரு காலை, மூன்று பேர், செயலி செய்கிறவர்களும் உட்கார்ந்து பார்க்கட்டும், மதியச் சாப்பாட்டின்போதே எதைத் திருத்துவது என்று முடிவுசெய்யுங்கள். நேரில் பார்த்தவருக்கு நீண்ட அறிக்கை வேண்டியதில்லை.

வர முடியாதவர்களுக்கும் பின்னால் வருபவர்களுக்கும் எழுத்துதான் வழி. ஆய்வாளர் தபன் பாரிக் தமிழ்நாட்டுக் கிராமச் சுயஉதவிக் குழுக்களின் கணக்கைக் கைபேசியில் ஏற்ற ஒரு முறை செய்தார். பெண்கள் பழகிய காகிதப் படிவத்தை விடவில்லை. படிவத்தில் அச்சிட்ட குறியீட்டைப் போன் கேமராவால் பிடித்தால், அடுத்து எந்த எண்ணை அடிக்க வேண்டும் என்று போன் குரலில் சொல்லும். அந்தச் சோதனைகளை 2006இல் விவரமாக எழுதி வைத்ததால், அவற்றில் பங்கெடுத்தவர்கள் எதில் தேறினார்கள் என்று இன்றும் ஒருவர் எடுத்துப் படிக்கலாம். தமிழில் இத்தனை செயலிகள் வந்துவிட்டன. அவற்றைச் செய்தவர்கள் கண்டுகொண்ட 'சேமி'க்கள் எத்தனையோ இருக்கும். தமிழில் எழுதி வைத்திருந்தால், அடுத்த ஊரில் அடுத்த அத்தை அதே பொத்தானுக்கு முன் பயந்து உட்கார்ந்திருக்க மாட்டார். இது என் பெரிய ஆதங்கம்.

பகிரும்போது மனிதர்களைக் காக்க வேண்டும். அத்தை தயங்கியதை நான் போனில் படம் பிடித்திருந்தேன், அவரிடம் கேட்டுத்தான். குழுவில் போடச் சொல்லி அக்கா மகன் கேட்டான். இருபது விநாடிப் படம், ஆயிரம் சொல்லுக்குச் சமம், உண்மைதான். ஆனால் சின்ன ஊரில் ஒரு குரல் போதும், யாரென்று தெரிந்துவிடும். 'போன் பிடிக்கத் தெரியாதவள்' என்ற பேச்சு தீப்பெட்டி ஆபீஸ் வரை போய்விடும். 'பார்த்து முடித்ததும் அழிச்சிரணும்' என்று அவனுக்கு மட்டும் அனுப்பினேன். எழுத்துக் குறிப்பில் பெயர் இல்லை, தெரு இல்லை. '2ஆம் ஆள்' மட்டும். எதற்காகப் பார்க்கிறோம், யார் பார்ப்பார்கள் என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். "சோதனை உங்களுக்கு இல்ல, இந்த போனுக்குத்தான்" என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொன்னால் முகம் தெளியும்.

இரண்டாம் முறை பார்த்த அன்று இரவே அக்கா மகனுக்கு அனுப்பிய குறிப்பு ஒரு பக்கம்தான். தலையில் தேதி, எத்தனை பேர், எந்தப் பதிப்பு. பிறகு மூன்று குறைகள், பெரியது முதலில். ஒவ்வொன்றின் கீழும் அவர்கள் சொன்ன சொல். கடைசியில் எங்கும் தடுக்காமல் போன இடங்களும் இருந்தன, அவற்றை யாரும் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாதே என்று.

ஐப்பசியில் மழை இறங்கியிருந்தது. புதிய பதிப்பில் முதல் திரை மாவட்டம் கேட்கவில்லை; ஊர்ப் பெயரை மட்டும் கேட்டது. 'சேமி' இருந்த இடத்தில் 'எழுதிக்கோ'. ஏக்கருக்குப் பக்கத்தில் குறுக்கம். பெரியப்பா ஊர்ப் பெயரைத் தொட்டார், உளுந்தைத் தொட்டார், விதைக்கு 900 என்று அடித்து 'எழுதிக்கோ'வை அமுக்கினார். அடுத்த திரையில் தேதி கேட்டது. மேலே ஆங்கில மாதங்கள் வரிசையாக நின்றன. விரல் அதன்மேல் சுற்றி நின்றது. நான் நோட்டைத் திறந்தேன்.

'1ஆம் ஆள், மூன்றாம் முறை. "நான் வெதச்சது பெரட்டாசி கடைசி வெள்ளி. அது இதுல எங்க கெடக்கு தம்பி?"'